காலிக் குதிரைகள்

சில காலமாகவே ஒரு குதிரையின் கழுத்து என் நினைவில் வந்து வந்து போகிறது. நேரில் கண்ட குதிரையன்று. வெண்திரையில் ஒரு விநாடிக்கும் குறைவாகத் தோன்றி மறைந்தது. புழுதி எழுப்பிப் பாய்ந்துவரும் குதிரைப்படையின் முன்வரிசையில் அது ஓடிவருகிறது. யாரோ கீழிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் அதன் முன்னங்கால்கள் இரண்டும் திடீரென்று வயிற்றுக்கடியில் மடங்கிப் போகின்றன. கால்கள் போய்விட்ட செய்தி உடலுக்கு எட்டுமுன்பே நெற்றி மண்ணில் மோதுகிறது, கழுத்து ஒருபுறமாக மடிகிறது, பின்னுடலின் பாரம் முழுவதும் அந்தக் கழுத்தின்மேல் கவிழ்கிறது. அதற்குள் காட்சி மாறிவிடும். சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது கொட்டகை முழுவதும் சீழ்க்கையடித்தது, நானும் கைதட்டினேன். பல ஆண்டுகள் கழித்து அதே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வாய்த்தபோதுதான், நான் கைதட்டியது எதற்கு என்ற கேள்வி முதன்முதலில் எழுந்தது. அதன்பிறகு அது போகவில்லை. குதிரை விழுவதைப்போல் நடித்ததா, அல்லது விழுந்ததா? இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியுமானால், பார்ப்பவனுக்கு அந்த வேறுபாட்டால் ஆவதென்ன? ஆவதொன்றுமில்லை என்று ஒரு வழியாகச் சமாதானம் செய்துகொள்ள நானும் பல நாள் முயன்று பார்த்தேன்.

அந்தப் படம் 1936-இல் வெளிவந்த 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்'. 1854-இல் கிரிமியப் போரின்போது பாலக்லாவாவில் ஆங்கிலேயக் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்த வரலாற்றை ஒட்டியது. அந்தப் பாய்ச்சலைப் பற்றிய டென்னிசனின் கவிதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் சென்ற மனிதர்களின் எண்ணிக்கை இருக்கிறது, சுமந்து சென்ற குதிரைகளின் எண்ணிக்கை இல்லை. அந்தக் குறையைப் படம் வேறொரு விதமாகத் தீர்த்துவைத்தது. குதிரைகளின் முன்னங்கால்களில் பட்டை கட்டி, அவற்றிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியை வயிற்றுப்பட்டையிலுள்ள வளையத்தின் வழியாகக் கோத்து, மறுமுனையை மண்ணுக்குள் புதைத்த முளையில் இறுக்கிவிடுவார்கள். கம்பியின் நீளம் தீரும்வரை குதிரைக்கு எதுவும் தெரியாது. முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் வேளையில் நீளம் தீரும். 'ரன்னிங் டபிள்யூ' என்பது அந்தத் தொழிலில் இதற்கு வழங்கிய பெயர். அந்தப் பாய்ச்சல் காட்சிக்காக 125 குதிரைகள் இவ்வாறு தடுக்கி வீழ்த்தப்பட்டன என்றும், அவற்றுள் 25 அங்கேயே மாண்டன அல்லது பிறகு கொல்லப்பட வேண்டியதாயிற்று என்றும் கணக்குச் சொல்லப்படுகிறது. கதாநாயகனாக நடித்த எர்ரல் ஃப்ளின் இதைக் கண்டு கொதித்தெழுந்தார் என்பதும் சினிமா உலகில் வழிவழியாக வரும் செய்தி. நான் கைதட்டிய கழுத்து அந்த 25-இல் ஒன்றாக இருந்திருக்கலாம்.

அந்தப் படத்தின் டைரக்டர் மைக்கேல் கர்ட்டிஸ் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்தவர். ஆங்கிலம் கடைசிவரை அவர் நாவில் சரியாகப் படியவில்லை. வீரர்கள் மடிந்தபின் ஆளில்லாமல் ஓடிவரும் குதிரைகளைப் படமெடுக்க வேண்டிய சமயத்தில், காலிக் குதிரைகளைக் கொண்டுவாருங்கள் என்று பொருள்படும்படி அவர் கூவினாராம். உடனிருந்த நடிகர்கள் சிரித்தார்கள். அவர்களுள் ஒருவரான டேவிட் நிவன், 1975-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளுக்கு அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்தார். மொழிப் பிழையாகப் பேசப்பட்டுவரும் இந்தச் சொற்றொடரை நான் அப்படி எடுத்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறேன். கூஜா காலியாகும், குதிர் காலியாகும். மேலே ஆள் இல்லையென்றால் குதிரையும் காலியாகிவிடுமா? நாவில் வந்த அந்தப் பிழைக்குள் அந்தப் படப்பிடிப்பு முழுவதையும் நடத்திய ஒரு கொள்கை ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. கம்பி கட்டி வீழ்த்துவதற்குக் குதிரைக்குள் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு அறிவு வேண்டாம், ஞாபகம் வேண்டாம், மனிதன்மேல் பிரியமோ விரோதமோ எதுவும் வேண்டாம்; எடையும் வேகமும் இருந்தால் போதும். ஆள் ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும், கம்பி கட்டப்பட்ட அந்தக் கணத்திலிருந்தே அது காலிக் குதிரைதான்.

இதற்கு நேர்மாறான ஒரு மார்க்கம் இருந்தது. அதை விரிவாகச் சொல்லாமல் என் மனக்கலக்கத்தைச் சொல்ல முடியாது. விழுவதற்கென்றே குதிரைகளைப் பழக்குகிறவர்கள் முதலில் தரையைத் தயார் செய்கிறார்கள்: ஆழமாகக் கொத்தி, கல் பொறுக்கி, மணலும் மிருதுவான மண்ணும் நிரப்பிப் படுக்கைபோல் ஆக்குகிறார்கள். குதிரையை அங்கே நிற்கவைத்து, ஒரு முன்னங்காலை மடக்கிப் பிடித்து, கடிவாளத்தால் தலையை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி, அது தானாகவே சரிந்து படுக்கும்வரை காத்திருக்கிறார்கள். படுத்ததும் தடவிக்கொடுத்தல், தின்பண்டம், ஓய்வு. நாளடைவில் காலை மடக்க வேண்டியதில்லை. தலை திரும்பும் குறிப்பே போதும். பிறகு நடந்து வரும்போது, பிறகு பெருநடையில், கடைசியாகப் பாய்ச்சலில். சவாரி செய்பவரின் அங்கவடிகூடக் குதிரையின் விலாவைக் குத்தாதபடி மெத்தென்று செய்யப்படும். இப்படிப் பழகிய குதிரை விழும்போது தலை ஒருபுறம் திரும்பும், தோள் முதலில் மண்ணைத் தொடும், உடல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். கம்பியில் சிக்கிய குதிரையோ தலைகுப்புறக் கவிழும். இந்த ஓர் அடையாளத்தைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் எந்தப் பழைய சாகசப் படத்தையும் முன்போல் பார்க்க முடியவில்லை. வாட்போரும் கோட்டை முற்றுகையும் நடந்துகொண்டிருக்கும்போது என் கண்கள் குதிரைகளின் கழுத்தையே தேடிப் போகின்றன; எது திரும்பியது, எது மடிந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில், ரயிலடிக்கு ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய கொட்டடியில் கொள் வேகும் வாசனையும் சாண வாசனையும் கலந்து எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் அவருடைய குதிரை வைக்கோலின்மேல் முழுவதுமாகப் படுத்துக் கிடந்ததைக் கண்டு, அது செத்துப்போயிற்றோ என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதே தம்பி. குதிரை படுத்துத் தூங்குச்சுன்னா அந்த எடத்த நம்பிடுச்சுன்னு அர்த்தம். இல்லேன்னா விடிய விடிய நின்னுக்கிட்டேதான் கண்ணசரும்" என்றார். பிற்காலத்தில் பிராணி நூல்களைப் படித்தபோது, அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது. புல்வெளியில் வேட்டை மிருகங்களுக்கு இரையாக வாழ்ந்த இனம் அது. தப்பி ஓடுவதொன்றே அதன் ஆயுதம். நின்றபடியே உறங்கும் விதத்தில் அதன் கால்மூட்டுகள் அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய தன்னைச் சுற்றியுள்ள முழு வட்டத்தையும் பார்க்க அதனால் முடிகிறது, தன் நெற்றிக்கு நேர்முன்னே இருப்பதையும் வாலுக்கு நேர்பின்னே இருப்பதையும் தவிர. அப்படிப்பட்ட சுபாவமுள்ள ஒரு ஜீவனுக்கு, பாய்ச்சலின் நடுவே, வெடியோசையும் கூச்சலும் நிறைந்த இடத்தில், தானே விரும்பித் தரையில் சாய்வது என்றால் என்ன? அதன் இரத்தத்தில் பல லட்சம் ஆண்டுகளாக ஊறிய பயம் முழுவதையும் ஒரு மனிதனுடைய கையின் சிறு அசைவுக்காக அது ஒதுக்கிவைக்கிறது. குதிரைகள் சினிமாவுக்குக் கொடுத்தது வேகம் என்றும் அழகு என்றும் எழுதுகிறார்கள். வேகத்தையும் அழகையும் ரயிலிலும் படகிலும் எடுத்திருக்கலாம். குதிரை கொடுத்தது இந்த நம்பிக்கையை.

ஆனால் இந்த இடத்தில் என் மனமே எனக்கு எதிராக வழக்காடுகிறது. நம்பிக்கை என்று நான் சொல்வது பழக்கந்தானே? குறிப்புக் கிடைத்தால் சாய வேண்டும், சாய்ந்தால் தின்னக் கிடைக்கும் என்பது அதற்கு மேலாக எப்படி ஆகும்? மெல்லிய கம்பியைக் காலில் கட்டாமல் மனத்தில் கட்டினார்கள் என்று ஒருவர் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? குதிரையிடம் சம்மதம் கேட்டவர் யாரும் இல்லை. அதற்குக் கதை தெரியாது, காமிரா தெரியாது, தான் ஒரு யுத்தத்தில் இறந்துவிட்டதாகப் பல்லாயிரம் பேர் நம்பப்போகிறார்கள் என்பதும் தெரியாது. இந்தச் சந்தேகத்தை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. இருந்தாலும் இதைத் திருப்பித் திருப்பி யோசித்தபோது ஒரு சிறிய வித்தியாசத்தில் என் கால் நிலைகொண்டது. பழகிய குதிரையால் மறுக்க முடியும். மண்ணில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், முன்பொரு முறை கல் குத்தியது ஞாபகம் வந்தால், கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கை பழகிய கையாக இல்லாமற் போனால், அது விழாமலே ஓடிப் போய்விடும். அன்றைய படப்பிடிப்பு வீணாகும். ஆகையால் அதைப் பழக்குகிறவன் ஒவ்வொரு நாளும் அதன் மறுப்புக்குப் பயந்தே நடந்துகொள்ள வேண்டும். தரையை மறுபடி கொத்த வேண்டும், கல்லை மறுபடி பொறுக்க வேண்டும். நளனுக்கு அசுவ ஹிருதயம் தெரியும் என்று பாரதம் சொல்கிறதே, அந்த வித்தை மந்திரமாக இருக்க நியாயமில்லை. குதிரை எப்போது மறுக்கும் என்று அறிந்து, அதை மறுக்கவேண்டாத நிலையில் வைத்திருக்கும் பொறுமையாகவே அது இருந்திருக்கும். கம்பிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, ஏனென்றால் கம்பியை எந்தக் குதிரையாலும் மறுக்க முடியாது.

அந்தக் காலத்துப் படங்களில் குதிரையின் காதுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கதாநாயகன் குதிரையின் முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருப்பான். குதிரையின் காதுகளோ அவன் பக்கம் இராமல், திரைக்கு வெளியே, நாம் காணமுடியாத ஓரிடத்தை நோக்கி நீண்டிருக்கும். அங்கே நீண்ட சாட்டையோடு அதைப் பழக்கியவர் நிற்கிறார். சாட்டை அடிக்கிறதற்கன்று, நீட்டினால் வா, உயர்த்தினால் நில், தாழ்த்தினால் தலையைக் குனி என்று தூரத்திலிருந்து பேசுகிற கை அது. அந்தக் காதுகளைக் கண்டுகொண்டால் மாயை கலைந்துபோகும் என்று சொல்வார்கள்; எனக்கென்னவோ அப்போதுதான் படத்தின்மேல் பிரியம் உண்டாகிறது. ஏனென்றால் திரையிலுள்ள குதிரையில் மற்றப்படி குதிரைக்குச் சொந்தமானது மிகக் குறைவு. அதன் குளம்போசையைப் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில், பிளந்த தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டி உண்டாக்கினார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கொட்டாங்கச்சிதான் அத்தனை குதிரைப்படைகளாகவும் முழங்கியிருக்கிறது. பாய்ந்து ஓடும் குதிரை பெரும்பாலும் கனைப்பதில்லை. கனைப்பும் பிற்பாடு சேர்த்ததே. சில சமயம் ஒரே குதிரையின் பெயரில் மூன்று குதிரைகள் நடிக்கும்: ஒன்று நிற்பதற்கு, ஒன்று ஓடுவதற்கு, ஒன்று விழுவதற்கு. ஓசையும் பெயரும் உருவமும் இவ்வாறு இரவலாகிவிட்ட பிறகு அதற்கென்று எஞ்சுவது அந்தக் காதுகள் காட்டும் கவனம் ஒன்றே.

'தி ஃபார் கன்ட்ரி' என்ற படத்தில் இரவு நேரத் தெருவில் ஒரு குதிரை தனியாக நடந்து வரும். சேணத்தில் கட்டிய சிறு மணியின் ஓசையைக் கேட்டு, ஆள் வருகிறான் என்று எண்ணிப் பகைவர்கள் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். மேலே ஆள் இல்லை. பை என்ற அந்தக் குதிரையைத்தான் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் படங்களில் ஏறினார்; விலைக்குக் கேட்டும் சொந்தக்காரர் கொடுக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து மறுகோடி வரை தனியாக நடக்க அதற்குச் சிறப்பாகப் பயிற்சி எதுவும் கொடுக்கப்படவில்லை என்றும், தாம் அதன் அருகில் சென்று வேண்டியதைச் சொன்னதாகவும், அது முதல் தடவையிலேயே நடந்துகாட்டியதாகவும் ஸ்டூவர்ட் பிற்காலத்தில் சொல்லிவந்தார். குதிரை அவர் வார்த்தையைப் புரிந்துகொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. மணியின் சிறு ஓசையும், ஈரமண்ணில் நிதானமாக வைக்கும் அடிகளும், வெறுமையான சேணமுமாக அது வருவதைப் பார்த்தபோது, கர்ட்டிஸின் சொற்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஆளில்லாத குதிரைதான், அதைக் காலிக் குதிரை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கர்ட்டிஸ் பெயரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1938-இல், அதே ஃப்ளினையும், அந்தப் படத்தில் கதாநாயகியாக நடித்த அதே ஒலிவியா டி ஹாவிலண்டையும் வைத்து அவர் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' எடுத்தார். வில்லியம் கீலியும் அதன் டைரக்ஷனில் பங்குகொண்டார். மேரியனாக வந்த ஒலிவியா ஏறியிருந்தது பொன்னிற உடலும் வெண்பிடரியும் கொண்ட ஒரு வாடகைக் குதிரை. கோல்டன் கிளவுட் என்று பெயர். காட்டுப் பாதையில் இலைகளின் நிழல் அதன் முதுகில் விழுந்து விழுந்து நழுவுவதை வர்ணத்தில் பார்ப்பதே ஒரு சுகம். அந்த ஆண்டே கௌபாய் நடிகர் ராய் ராஜர்ஸ் அதில் ஏறி நடித்தார், பிறகு 2,500 டாலருக்குத் தவணையில் வாங்கி, ட்ரிக்கர் என்று பெயர் மாற்றினார். கிளென் ராண்டல் என்ற பயிற்சியாளர் அதற்குக் கற்றுக்கொடுத்த வித்தைகள் ஏராளம். திரையில் ராஜர்ஸின் பெயரோடு அதன் பெயரும் எழுத்தில் வந்தது. 1965-இல் அது இறந்தபோது புதைக்க மனமில்லாமல் தோலைப் பதனிட்டு, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கோலத்தில் நிறுத்திவைத்தார்கள். 2010-இல் நியூயார்க்கில் அந்த உருவம் 2,66,500 டாலருக்கு ஏலம் போயிற்று. அன்பின் காரணமாகத்தான் அப்படிச் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே எதுவுமில்லாத அந்தத் தோலை, உயிரோடு இருந்தபோது வாங்கியதைக் காட்டிலும் நூறு மடங்கு விலைக்கு வாங்கியதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சட்டங்களும் கட்டுப்பாடுகளும் வந்தன. பிரிட்டனில் 1937-இல், பிராணிகளைக் கொடுமை செய்து எடுத்த காட்சிகளைத் திரையிடலாகாது என்று சட்டம் பிறந்தது. 1939-இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்திற்காக மிசூரி மாநிலத்தில் ஒரு குதிரையைச் செங்குத்தான பாறையின் விளிம்பிலிருந்து கீழேயிருந்த ஏரியில் சறுக்கித் தள்ள, அது இறந்தது. எழுந்த கண்டனத்தின் விளைவாக அமெரிக்கன் ஹியூமன் அசோசியேஷனுக்குப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களுக்குச் சென்று மேற்பார்க்கும் உரிமை 1940 முதல் கிடைத்தது. 1960-களின் பிற்பகுதியில் அந்த உரிமை கைநழுவி, 1980-இல் வெளியான 'ஹெவன்ஸ் கேட்' படத்தில் பிராணிகள் பட்ட பாடு அம்பலமான பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இவையெல்லாம் நல்லவை, ஆனால் என் கலக்கம் சட்டத்தால் தீர்வதாக இல்லை. ஏனென்றால் உண்மையை ஒப்புக்கொள்வதானால், கம்பியில் வீழ்ந்த குதிரைகளின் காட்சி, பழகி வீழ்ந்த குதிரைகளின் காட்சியைவிடக் கண்ணை அதிகமாக ஈர்க்கிறது. அதில் ஒரு பயங்கரமான முழுமை இருக்கிறது. பழகிய குதிரையின் வீழ்ச்சியில், சாய்வதற்குச் சற்று முன்னே, தோள் தளர்ந்து உடல் தயாராகும் ஒரு மெல்லிய தயக்கத்தைப் பார்க்கலாம். கலைக்கண்ணோட்டத்தில் அது ஒரு குறையென்றே பலர் சொல்லுவார்கள். நான் நெடுநாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது இல்லை. அந்தத் தயக்கந்தான் நடிப்பு, மற்றது மரணம். மரணத்தைப் படம்பிடித்து வீரமென்று காட்டுவது கலையாகாது, அதற்கு எத்தனை கொட்டகைகள் சீழ்க்கையடித்தாலும் சரி.

'பென் ஹர்' கதையைப் பல முறை எடுத்தார்கள். 1925-இல் வந்த மௌனப் படத்தின் தேரோட்டப் பந்தயத்தை உருவாக்கியவர் பி. ரீவ்ஸ் ஈசன், வெல்லுகிற சாரதிக்குப் பரிசு என்று அறிவித்து, தேர்களை உண்மையாகவே மோதவிட்டுப் படமெடுத்தார்கள். குதிரைகள் பல மாண்டன. 1936-இல் அந்தக் குதிரைப்படைப் பாய்ச்சலை அமைத்தவரும் அதே ஈசன்தான். மௌனப் படத்தில் உதவியாளர்களுள் ஒருவராக நின்ற இளைஞர் வில்லியம் வைலர், 1959-இல் அந்தக் கதையையே மறுபடி எடுத்தார். இம்முறை பந்தயத்தை அமைத்தவர்களுள் யகிமா கனட் ஒருவர். ஒரு காலத்தில் கம்பி வித்தையை முந்நூறு தடவை செய்ததாகவும் ஒரு குதிரையையும் முடமாக்கியதில்லை என்றும் சொல்லிக்கொண்டவர். யூகோஸ்லாவியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் 78 குதிரைகளை ரோமாபுரிக்குக் கொண்டுவந்து, ட்ரிக்கரைப் பழக்கிய அதே ராண்டலிடம் ஒப்படைத்தார்கள். நான்கு நான்காகத் தேரில் பூட்டி, ஒன்றன் மூச்சுக்கு ஒன்று இசையும்வரை மாதக்கணக்கில் பழக்கினார் அவர். பந்தயத்தில் உடைந்து கிடக்கும் தேரின்மேல் நான்கு வெள்ளைக் குதிரைகள் ஒருசேரத் தாவுகின்றன. தாவும் கணத்தில் நெற்றிக்கு நேர்முன்னே இருப்பதைக் குதிரையால் காண முடியாது என்று முன்பே சொன்னேன். பின்னால் வந்த தேர் துள்ளி, கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்குப் பதிலாக ஓட்டிய கனட்டின் மகன் முன்புறமாகத் தூக்கியெறியப்பட்டுத் தாடையில் காயத்தோடு தப்பினார். அந்த எதிர்பாராத நிகழ்ச்சி படத்தில் அப்படியே இருக்கிறது. குதிரைகள் தாவியது எதிர்பாராததன்று. அது கற்றுக்கொண்டது, நம்பிச் செய்தது. இன்றும் அந்த இடம் வந்தால் என் கைகள் தாமாகவே சேர்கின்றன, வெட்கமில்லாமல்.

படத்தில் அரபு ஷேக் அந்த நான்கையும் தம் பிள்ளைகளைப்போல் அழைத்து, நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துவைக்கிறார்: அண்டாரஸ், ரைஜல், அல்டேர், அல்டிபரான். அவற்றுள் மூன்று நம் பஞ்சாங்கத்திலும் உள்ளவை: கேட்டை, திருவோணம், ரோகிணி. அவை கதைக்காக வைத்த பெயர்கள். லாயத்தில் ராண்டல் ஒவ்வொன்றையும் கூப்பிட்ட சொந்தப் பெயர் வேறாக இருந்திருக்கும். அந்தப் படத்திற்குப் 11 ஆஸ்கர் பரிசுகள் கிடைத்தன. அதன் பெயர்ப் பட்டியலில் அந்த நான்கு குதிரைகளின் பெயர் இல்லை.